ஜப்பானிய மொழி படிக்கும் மதுரைத் தம்பிக்கு ஐச்சியிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையில் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி கற்று, சென்ற ஜூலையில் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்5இல் (என்1தான் உச்சம்) வெற்றி பெற்றதாக எழுதியிருந்தீர்கள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு டோக்கியோவில் ஒரு மொழிப்பள்ளியில் சேரும்படி ஒரு முகவர் சொல்கிறார். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஓராண்டுக்குள் அனுப்பிவைப்பதாக இன்னொருவர் சொல்கிறார். இரண்டில் எதற்கானாலும் பணம் புரட்ட மேலூர்ப் பக்கத்து நிலத்தை அடகு வைக்க உங்கள் அப்பா தயாராக இருக்கிறார். இவற்றில் எது சரி என்பது உங்கள் கேள்வி. திருமங்கலத்தில் பிறந்து, ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் அக்காவாக நான் சொல்வது இது: பட்டத்தை முடியுங்கள், என்2 வரை மதுரையிலேயே படியுங்கள், நிலத்தைத் தொடவேண்டாம்.

முதல் காரணம் விசா. ஜப்பானில் பொறியாளராக வேலை பார்ப்பவர்களுக்குரிய குடியிருப்புத் தகுதியை இங்கே சுருக்கமாக ‘கிஜின்கொக்கு’ என்பார்கள். அதைப் பெற, செய்யப்போகும் வேலையோடு தொடர்புடைய பல்கலைக்கழகப் பட்டமோ, ஜப்பானியத் தொழிற்கல்விப் பள்ளியின் பட்டயமோ, அவை இல்லையென்றால் பத்தாண்டு அனுபவமோ வேண்டும். மொழிப்பள்ளிச் சான்றிதழ் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு வருபவர், இங்கே ஓரிரு ஆண்டு மொழி படித்து முடித்த பிறகும், வேலைக்கு முன்பாக மறுபடியும் ஒரு தொழிற்கல்விப் பள்ளிக்குப் பணம் கட்டவேண்டிய இடத்தில்தான் நிற்பார். இதை அந்த முகவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தை அடைத்துவிடலாம் என்று சொல்லியிருப்பார். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். மாணவர் விசாவில் இருப்பவர், தனி அனுமதி பெற்று, வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். மணிக்கு 1,200 யென்னுக்குச் சற்று மேல் என்று வைத்தால் மாதம் சுமார் 1 இலட்சத்து 40,000 முதல் 1 இலட்சத்து 50,000 யென் வரை கிடைக்கும். டோக்கியோவில் அறை வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு அது சரியாகப் போய்விடும். மொழிப்பள்ளிக் கட்டணமோ பெரும்பாலும் ஆண்டுக்கு 7 முதல் 9 இலட்சம் யென் வரை ஆகும். அது ஊரிலிருந்துதான் வரவேண்டும். மணிக்கணக்கை மீறி வேலை பார்த்தால் அடுத்த விசா நீட்டிப்பில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

பராமரிப்பு வேலையை நான் மட்டமாகச் சொல்லமாட்டேன். 2019 ஏப்ரலில் தொடங்கிய ‘தொகுதெய் கினோ’ (குறிப்பிட்ட திறன்) என்னும் விசாவில் அதற்கென முறையான வழி இருக்கிறது. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்னும் கணினிவழி மொழித் தேர்வு, அதோடு பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு ஆகியவற்றை முடித்தால் வரலாம். முதல் நிலை விசாவில் பொதுவாக மொத்தம் ஐந்தாண்டுகள்தான் தங்கமுடியும், குடும்பத்தை அழைத்துவர முடியாது. அதற்குள் தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் வென்றுவிட்டால் நீண்டகாலம் தங்கும் வழி திறக்கும். அந்த வேலையில் மனம் ஒட்டியவர்கள் வரட்டும். இயந்திரவியல் படிக்கும் ஒருவர், அவசரம் என்ற ஒரே காரணத்துக்காக அதற்குள் நுழைவது அவருக்கும் நல்லதன்று, அவர் பார்த்துக்கொள்ளப்போகும் முதியவருக்கும் நல்லதன்று.

இனி மொழிக்கு வருவோம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் ஓனோ சுசுமு நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும், நம் ஊர் விழா மேடைகளில் அந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பில் உள்ள ஒற்றுமை நமக்குப் பெரிய வசதி. வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’, ‘தபெதெ ஷிமத்தா’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டேன்’. நாம் வினையெச்சத்தோடு துணைவினை சேர்க்கும் அதே முறை. எனவே ஆங்கிலத்தில் எழுதிய இலக்கண விளக்கத்தை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வடிவத்துக்கும் தமிழில் எது இணை என்று முதலில் தேடுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சாவிக்கும் சிப்பிக்கும் ஜப்பானியத்தில் வெவ்வேறு ககர ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககி’ என்றுதான் வரும். ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகளைப் பொறுத்தவரை குறுக்குவழி கிடையாது. பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. என்2க்குச் செல்பவருக்கு அவற்றில் சுமார் பாதியாவது கண்ணில் பட்டவுடன் புரியவேண்டும். தினமும் சிறிதளவு எழுதுவதைத் தவிர நான் வேறு வழி எதையும் பார்த்ததில்லை.

ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதனால்தான் என்2 சான்றிதழோடு வந்த சிலர் முதல் வாரத்திலேயே வாயடைத்துப்போகிறார்கள். எங்கள் பிரிவில் ஒரு பாகத்தின் விளிம்பில் பிசிறு இருப்பதாக வாடிக்கையாளர் திருப்பியனுப்பினால், அன்று மாலைக்குள் ஒரே ஓர் ஏ3 தாளில் அறிக்கை கேட்பார்கள். பிசிறு ஏன் வந்தது, அச்சு தேய்ந்ததால். ஏன் தேய்ந்தது, மாற்றும் நாள் தள்ளிப்போனதால். ஏன் தள்ளிப்போனது என்று அடிக்காரணம் தெரியும்வரை ‘நாஸே, நாஸே’ என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு ஏனுக்கும் நின்ற இடத்தில் ஜப்பானியத்தில் பதில் சொல்லவேண்டும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது அச்சைப் பற்றியும் எஃகைப் பற்றியும் கல்லூரியில் படித்த படிப்பு. வெறும் மொழி தெரிந்தவர் அந்தக் கேள்வியை அழகாக மொழிபெயர்ப்பார். பதில் சொல்ல இன்னொருவரைத் தேடுவார். எனவே இப்போதிருந்தே உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் கருவிகள், உலோகங்கள், அளவைகள் ஆகியவற்றின் ஜப்பானியப் பெயர்களைத் தனி நோட்டில் எழுதிவாருங்கள். வகுப்பறைச் செய்முறை ஒன்றை வாரம் ஒரு முறை ஜப்பானியத்தில் வாய்விட்டு விளக்கிப் பழகுங்கள்.

கால அட்டவணை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறன்று நடக்கிறது. இந்த டிசம்பரில் என்4, மூன்றாம் ஆண்டில் என்3, இறுதியாண்டு டிசம்பரில் என்2 என்று வைத்தால் நெருக்கடி இல்லாமல் முடியும். கேட்டல் பகுதி கடைசியில் வருவதால், சனிக்கிழமை இரவு பாண்டியனில் ஏறித் தூக்கம் கெட்டுப்போய்த் தேர்வு எழுதாதீர்கள். காலையிலேயே வைகையில் போய்ச் சென்னையில் தங்கிவிடுங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் ஏப்ரலில் புதியவர்களைச் சேர்க்கின்றன, நம் பட்டமோ மே, ஜூனில் முடிகிறது. இடையில் விழும் மாதங்களை வீண் என்று நினைக்கவேண்டாம். சில நிறுவனங்கள் அக்டோபரிலும் ஆள் எடுக்கின்றன, ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் உள்ள ஜப்பானியத் தொழிற்சாலைகளில் முதல் அனுபவத்தைப் பெற்று வருபவர்களும் உண்டு. மேற்படிப்பில் விருப்பம் இருந்தால், சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும், ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையைப் பாருங்கள். கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு மூன்றும் அதில் அடங்கும்.

சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்கவேண்டாம். 2024இல் ஒரு டாலருக்கு 160 யென் என்ற அளவுக்கு யென் சரிந்தபோது, ஊருக்கு அனுப்பும் பணம் இளைத்ததை நாங்கள் அனைவரும் உணர்ந்தோம். முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் வரும் குடியிருப்பு வரி, புதிதாக வந்தவருக்கு இரண்டாம் ஆண்டு ஜூனில்தான் பிடிக்கத் தொடங்கும். அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். மறுபக்கம், உயர்திறனாளர் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்2க்கு 10 புள்ளியும் என்1க்கு 15 புள்ளியும் உண்டு. மொத்தம் 80 எட்டினால் ஓராண்டிலேயே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரையும் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருப்பதால், என் அலுவலகத்தில் என் அப்பாதான் நாள் முழுவதும் வேலை பார்க்கிறார். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர், தேர்வுச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் விசாவிலும் வங்கியிலும் விளக்கக் கடிதம் எழுதியே மாளாது. பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டு, டிசம்பர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அதில் உள்ள பெயரை எழுத்து பிசகாமல் அப்படியே கொடுங்கள்.