அத்தைய 'ராஜம்'னு சொல்லிட்டேன், மன்னிப்பு கேக்கணுமா?

கேள்வி: அக்கா, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், கல்யாணமாகி நாலு வருஷம் ஆகுது. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நானும் அத்தையும் யூடியூப்ல 'மெட்டி ஒலி' நாடகம் பாப்போம். அன்னைக்கு மாமியார் ராஜம் சீர் விஷயமா மருமக சரோவ இடிச்சுப் பேசுத எபிசோடு. அத்தை சும்மா இருக்காம, "அந்தக் காலத்துல பொண்ணப் பெத்தவங்க ஒழுங்கா செஞ்சாக, இப்ப ஒரு கட்டு கரும்பக் கொண்டு போட்டுட்டுப் போயிருதாக"ன்னாக. எங்கப்பா ரிட்டயர்டு, சங்கரன்கோவில்ல இருந்து பஸ் மாறி மாறித் தூக்கிட்டு வாரவரு. எனக்கு சுருக்குன்னு ஆயிட்டு. "நம்ம வீட்லயும் ஒரு ராஜம் இருக்காகல்லா"ன்னு சொல்லிட்டேன், நாத்தனார் வேற உக்காந்திருந்தாக. ரெண்டு வாரமா அத்தை முகங்குடுத்துப் பேசல. எங்க வீட்டு அவுக சிரிச்சிட்டு எந்திச்சுப் போயிட்டாக. நாந்தான் இறங்கிப் போகணுமா?

பதில்: இறங்கிப் போங்க தாயி, ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும். "நாத்தனார் முன்னால அப்படி சொல்லிருக்கக் கூடாது அத்தை"ன்னா போதும், சீர் பேச்ச அதே மூச்சுல எடுத்துராதீங்க. ராஜம்னு சொன்னா சும்மாவா, 2002ல இருந்து 2005 வரைக்கும் சன் டிவில அது ஓடுனப்ப ராஜமா நடிச்ச சாந்தி வில்லியம்ஸ் அம்மா வாயத் தொறந்தாலே எங்க தெருவுல பொம்பளைக டிவியப் பாத்துத் திட்டுவாக, அந்தப் பேர மக முன்னால வச்சா எந்த மாமியாருக்குத்தான் ஆறும்.

எனக்கு அப்பவே ராஜத்த விட கோவம் அவ மகன் மாணிக்கம் மேலதான், அம்மா சொன்னத அப்படியே கேட்டுட்டு வந்து பொண்டாட்டிய கைநீட்டுத ஆளு. உங்க வீட்டுக்காரர் அப்படி இல்ல, கைநீட்டுனதா நீங்க எழுதல (அப்படி ஏதும் இருந்தா இந்தப் பதில இங்கயே நிறுத்திட்டு பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடுங்க, 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அதுக்குத்தான் இருக்கு). ஆனா சிரிச்சிட்டு எந்திச்சுப் போனாரு பாத்தீங்களா, உங்க கடுதாசில எனக்கு அந்த வரிதான் உறுத்துது.

அத்தை கரும்புன்னு சொன்னாகல்லா, அப்ப பேச்சு நாடகத்தப் பத்தியே இல்ல, உங்க வீட்டுப் பொங்கப்படியப் பத்தி. நம்ம பக்கம் தைப்பொங்கலுக்கு பச்சரிசி, வெல்லம், மஞ்சக்குலை, பனங்கிழங்கு, கரும்புன்னு பொறந்த வீட்ல இருந்து வாரது, அப்பா காலத்துக்குப் பொறவு அண்ணன் தம்பி கொண்டு வருவாக, பேரன் பேத்தி எடுத்த பொறவும் "எங்க வீட்ல இருந்து படி வந்துட்டு"ன்னு வாசல்ல நின்னு சொல்லுத ஆச்சிமார நான் பாத்திருக்கேன். அது பொம்பளப்பிள்ளைக்கு வாரது, மாமியாருக்கு வாரது இல்ல. இவ்வளவு வேணும்னு கேக்க ஆரம்பிச்சா அதுக்குப் பேரு வரதட்சணை, அத 1961லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. அதுக்காக நீங்க கோவத்துல "இனிமே எதையும் கொண்டு வராதீங்கப்பா"ன்னு சொல்லிராதீங்க, மனுஷன் ஒடஞ்சு போயிருவாரு.

கரும்பு விஷயத்த நீங்க பேச வேண்டாம், உங்க வீட்டுக்காரர் பேசட்டும். தங்கச்சி இல்லாத நேரமாப் பாத்து, "ம்மா, மாமா கொண்டு வாரத இனிமே கணக்குப் பாக்காதீங்க, எனக்கு அசிங்கமா இருக்கு"ன்னு சொல்லச் சொல்லுங்க. 'அவளுக்கு'ன்னு வாயில வந்துரக் கூடாது, 'எனக்கு'ன்னுதான் வரணும், இல்லன்னா நீங்க சாவி குடுத்து அனுப்புனதா ஆயிரும், இன்னும் ரெண்டு வாரம் பேச்சு நின்னுரும். சிரிச்சு மழுப்புனாருன்னா விடாதீங்க.

நாடகத்த நிறுத்த வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருத நேரம் அது ஒண்ணுதான் போல. மார்கழி கடைசில உங்கப்பா கரும்புக்கு விலை பேச ஆரம்பிச்சிருவாரு, அதுக்கு முன்னால உங்க வீட்டுக்காரரப் பேச வச்சிருங்க.