குடும்பத் தொடர்களில் எல்ஜிபிடி பிரதிநிதித்துவம் என்றால் என்ன?

தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோர் ஒரு தொடரில் அண்ணனாக, டீச்சராக, பக்கத்து வீட்டுக்காரராக மற்றவர்களைப் போலவே வந்துபோவதுதான் அது. கேலி செய்வதற்கென்றே ஒருவரைக் கொண்டுவந்தால் அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இது ஏன் தேவை? ஒரு வீட்டு ஆல்பத்தில் ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இல்லையென்றால், அவர் அந்த வீட்டு ஆளே இல்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

இதெல்லாம் திரைக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் பணமும் பயமும். 1997-ல் அமெரிக்காவின் 'எலன்' தொடரில் நாயகி தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று சொன்னபோது சில விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள். 2019-ல் 'ஆர்தர்' கார்ட்டூனில் பள்ளி ஆசிரியராக வரும் ஓர் ஆண் இன்னோர் ஆணை மணந்தார். அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி அந்தப் பகுதியை ஒளிபரப்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், கதையில் வரும் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை யாரென்பது பிரச்சினையே இல்லை. ஆசிரியர் கல்யாணத்தில் ஆடியதைத்தான் தாங்க முடியவில்லை!

அப்புறம், இப்படிப்பட்ட பாத்திரம் என்றாலே படுக்கையறைக் காட்சி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு அப்பாக்கள் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் காட்சியும் இதில்தான் சேரும்.