பாடவும் கிட்டார் வாசிக்கவும் செய்கிறேன், விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. வீட்டில் ரெக்கார்ட் செய்ய முதல் ஆடியோ இன்டர்ஃபேஸாக எதை வாங்கலாம்?

மைக், கிட்டார் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். இரண்டு மைக் செருகக்கூடிய ஒன்றை வாங்குங்கள். என் முதல் தேர்வு ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. கை கொஞ்சம் இறுக்கம் என்றால் பெரிங்கர் யுஎம்சி202எச்டி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பலரும் ஸ்கார்லெட் சோலோவைச் சொல்வார்கள். அதிலும் இரண்டு இன்புட் உண்டு, ஆனால் மைக்குக்கு ஒன்றுதான். மற்றது கிட்டார், கீபோர்டு வயருக்கு. உங்கள் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) இருந்தால் சோலோவே போதும். பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுபவருக்கு, குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக் வேண்டும். இரண்டும் தனித்தனி டிராக்கில் விழுந்தால்தான் பிறகு மிக்ஸிங்கில் குரலை மட்டும் ஏற்றி இறக்க வசதி. நாளைக்கு மிருதங்கமோ வயலினோ வாசிக்கும் நண்பர் ஒருவர் வந்தாலும் இதே தேவைதான்.

அடுத்து கெய்ன், அதாவது மைக்கின் சிக்னலை இன்டர்ஃபேஸ் பெருக்கித் தரும் அளவு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். நம் வீடுகளில் தெருச் சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் உள்ளே வரும். கண்டென்சர் மைக் அத்தனையையும் வாரிக்கொள்ளும். அதனால் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதையே நான் சொல்வேன். ஆனால் டைனமிக் மைக்கின் சிக்னல் மெல்லியது, இன்டர்ஃபேஸ்தான் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். 2023இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2இல் 69 டெசிபல் வரை கெய்ன் கிடைக்கிறது. அதே தலைமுறை சோலோவில் 57தான். மெதுவாகப் பாடுபவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த 2ஐ2இல் ஆட்டோ கெய்ன் வசதியும் உண்டு: சில நொடி பாடிக் காட்டினால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். சோலோவில் அது இல்லை. கண்டென்சர்தான் வேண்டும் என்றால் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், தேவை. இங்கே சொன்ன எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதற்கு 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது அதைவிடப் பெரிய முன்னேற்றம் தரும்.

விண்டோஸ் என்பதால் டிரைவரை அவசியம் பாருங்கள். தயாரித்த நிறுவனமே தரும் ஆசியோ டிரைவர் (ஒலி தாமதமின்றிப் போய்வர உதவும் மென்பொருள்) இருந்தால் லேட்டன்சி, அதாவது பாடுவதற்கும் அது ஹெட்போனில் கேட்பதற்கும் இடையிலான தாமதம், கட்டுக்குள் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு, 128 சாம்பிள் என்றால் உள்ளே போகவோ வெளியே வரவோ ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 2.7 மில்லி செகண்ட். 512 வைத்தால் 10.7 ஆகிவிடும், தாளம் பிசகத் தொடங்கும். லேப்டாப் பழையது, பஃபரைக் குறைத்தால் பட்பட் என்று சத்தம் வருகிறது என்றால் டைரக்ட் மானிட்டரை ஆன் செய்துகொள்ளுங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும்.

வாங்கிய பிறகு ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் உடனே இன்டர்ஃபேஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு கரன்ட் பக்கம்தான். எர்த் சரியாக உள்ள பிளக் பாயின்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ரெக்கார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். கிட்டாரை நேரடியாகச் செருகும்போது ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட்) பொத்தானை அழுத்தவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒலி மெலிந்து, மந்தமாக வரும்.

அப்புறம், இன்டர்ஃபேஸை மட்டும் தனியாக வாங்கினால் மைக் கேபிள் கூட வராது. ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், மைக் ஸ்டாண்டு, காதை முழுவதும் மூடும் ஹெட்போன், இவற்றுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணக்கில் 2ஐ2 எட்டவில்லை என்றால் தயங்காமல் யுஎம்சி202எச்டி எடுங்கள்.