பாத்ரூம் கண்ணாடியில் உப்புக் கறை: நானோ கோட்டிங் கைகொடுக்குமா?

கேள்வி: புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. குளிக்கும் இடத்தில் டஃபன்டு கிளாஸ் (சூடாக்கிக் குளிரவைத்து வலுவூட்டிய கண்ணாடி) தடுப்பு. போர் தண்ணீர்தான் வருகிறது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள், தேய்த்தாலும் போகவில்லை. நானோ கோட்டிங் போட்டால் பத்து வருடத்துக்குத் தண்ணீரே ஒட்டாது, டெஃப்லான் மாதிரி, 9ஹெச் கடினம் என்கிறார் ஒருவர். நம்பிப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அவர் சொல்லும் காரணங்களை நம்பி வேண்டாம்.

தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிக்க வேண்டுமானால் 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் டஃபன்டு கிளாஸின் வலுவே குறைந்துபோகும். கண்ணாடிக்குப் போடுவது வேறு சரக்கு, பெரும்பாலும் சிலேன் என்ற சிலிக்கான் சேர்ந்த வேதிப்பொருள் வகை. கண்ணாடியின் மேல்பரப்பில் சிலிக்கானோடு ஒட்டிய ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனைகள் ஏராளம். தண்ணீருக்கு அவற்றோடு ரொம்ப ஒட்டுதல். சிலேன் மூலக்கூறு அந்த முனைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு ஆகாத தன் வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். படலத்தின் கனம் சில நானோமீட்டர்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் கனமோ ஏறக்குறைய 70,000 நானோமீட்டர்.

9ஹெச் என்பது பென்சில் கணக்கு, மிகக் கடினமான பென்சிலின் எண். பூச்சின் மேல் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை அது. வெறும் கண்ணாடியையே 9ஹெச் பென்சிலால் கீற முடியாது! இவ்வளவு மெல்லிய படலத்தில் அந்தச் சோதனை செய்தால் பாஸாவது கண்ணாடிதான், கோட்டிங் அல்ல.

சரி, தண்ணீர் ஒட்டாதா? தாமரை இலையில் துளி அப்படி உருள்வதற்கு, மெழுகோடு அதன் நுண்ணிய மேடுபள்ளங்களும் காரணம். வழவழப்பான கண்ணாடியில் அது நடக்காது. பெரிய துளிகள் வழிந்து ஓடிவிடும், சின்னத் துளிகள் அங்கேயே உட்கார்ந்து காயும். காய்ந்தால் உப்புப் புள்ளி வரத்தான் செய்யும். ஆனால் அது கண்ணாடியைக் கவ்விப் பிடிக்காது, ஈரத் துணிக்கே வந்துவிடும். நீங்கள் கொடுக்கும் காசுக்கு உண்மையில் கிடைப்பது இந்த வசதிதான்.

கறைக்கு மேலேயே பூசச் சம்மதித்துவிடாதீர்கள். பூச்சு பிடிக்க வேண்டியது கண்ணாடியை, கறையில் உள்ள சுண்ணாம்பை அல்ல. டிஷ்யூ பேப்பரை வெள்ளை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, இருபது நிமிடம் விடுங்கள். சுண்ணாம்புப் படிவு இளகிவிடும். கீழே மார்பிள் தரையென்றால் வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பளபளப்பு போய்விடும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், ஸ்டீல் கீல்களை அரித்துவிடும். அதையும் பிளீச்சையும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

வினிகருக்கு மசியாத கறை சிலிக்காவாக (மணலில் இருக்கும் பொருள்) இருக்கலாம். கண்ணாடி பாலிஷ் போடுகிறவர்களிடம் இருக்கும் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லையா? கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம். அந்த மங்கலை எந்த கோட்டிங்கும் மறைக்காது.

அப்புறம் ஒரு சோதனை. கண்ணாடியில் நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் தாள் விரித்தாற்போல் பரவினால் கண்ணாடி சுத்தம். அங்கங்கே பிரிந்து முத்துக் கட்டினால் சோப்போ எண்ணெயோ இன்னும் மிச்சம். கோட்டிங் போடுகிறவர் கண் முன்னாலேயே இதைச் செய்து பாருங்கள். இந்த வேலையில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, பூசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் இதுதான் பெரிய பாடு.

பூசிய பிறகு ஸ்க்ரப்பரும் பிளீச்சும் வேண்டாம். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. இதைத் தினமும் செய்கிற வீட்டுக்கு கோட்டிங் அவ்வளவு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். பத்து வருட வாரண்டி என்றால் காகிதத்தை வாங்கி, எந்தெந்தக் கிளீனர் பட்டால் அது செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னும் தயக்கமாக இருந்தால், ஒரு கண்ணாடியில் பாதிக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு பாதியையும் ஒரே ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு மீதியைப் பேசிக்கொள்ளலாம்.