அலமாரியில ஏழு குயில்ட் டாப் கிடக்கு, முடிக்க ஆள்கிட்ட குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் டல்லாஸ்ல இருக்கேன். லாக்டவுன் டைம்ல குயில்ட் தைக்க கத்துக்கிட்டேன், இப்ப ஏழு டாப் (துண்டுத் துணிகள சேத்துத் தைச்ச மேல் அடுக்கு மட்டும்) முடிச்சு மடிச்சு வெச்சிருக்கேன். ஒண்ண மட்டும் வீட்டு மெஷின்லயே பஞ்சு, பின்பக்க துணியோட சேத்துத் தைச்சு குயில்ட் பண்ணப் பாத்தேன், பின்பக்க துணி மடிப்பு மடிப்பா சேர்ந்து தைச்சிருச்சு, மூணு நாளா உக்காந்து பிரிச்சும் இன்னும் முடியல. லாங்ஆர்ம்னு குயில்ட் பண்றதுக்குன்னே இருக்கற பெரிய மெஷின் வெச்சிருக்கவங்ககிட்ட குடுத்தா செலவுக்கு ஏத்த மாதிரி இருக்குமா? ஏழுல ஒண்ணு எங்கம்மாவோட பழைய சுங்குடி சேலைகள்ல தைச்சது.

பதில்: முதல்லயே சொல்லிடறேன், நானே பேஸ்மென்ட்ல லாங்ஆர்ம் போட்டு காசு வாங்கிட்டு மத்தவங்க குயில்ட்ட முடிச்சு குடுக்கறவதான், அதனால நான் "குடுத்துடுங்க"ன்னு சொல்ற இடத்துலல்லாம் ஒரு பத்து பர்சன்ட் கழிச்சே கேளுங்க.

ஏழையும் ஒரே மூட்டையா கட்டி "குடுக்கறதா வேணாமா"ன்னு யோசிக்காதீங்க. ஒவ்வொண்ணா ஹால்ல விரிச்சு அளந்து, எதுக்கு எதுன்னு பாருங்க.

உங்களுக்கு மடிப்பு விழுந்தது கைத்திறமை இல்லாததால இல்ல. சாதாரண வீட்டு மெஷின்ல ஊசிக்கும் வலதுபக்க உடம்புக்கும் நடுவுல இருக்கற இடம் ஆறுலேர்ந்து எட்டு இன்ச்தான், அந்த சந்துக்குள்ள டாப், நடுவுல பேட்டிங்ங்கற பஞ்சு, அடியில பேக்கிங்ங்கற பின்பக்க துணின்னு மூணு அடுக்கையும் பாய் மாதிரி சுருட்டித் திணிச்சு தள்ளணும், நாம மேல பாத்து தைச்சுட்டு இருக்கப்ப அடியில பேக்கிங் நைசா நழுவி மடிஞ்சுக்கும். லாங்ஆர்ம்ல நிலைமையே வேற. பத்து பன்னெண்டு அடி ஃப்ரேம்ல ரோலர் வெச்சு பேக்கிங்க விறைப்பா இழுத்து மாட்டிடுவோம், துணி நின்ன இடத்துல நிக்கும், மெஷின்தான் அது மேல ஓடும். உள்ள இடமும் 18 இன்ச்லேர்ந்து 26 இன்ச் வரைக்கும் இருக்கும். நீங்க காசு குடுக்கறதுல பாதி இந்த இடத்துக்குத்தான்னு நான் சொல்வேன்.

அதனால 50க்கு 60 இன்ச் வரைக்கும் இருக்கறத, குழந்தைக்கு போத்தற சைஸெல்லாம் சேத்துத்தான், நீங்களே பண்ணுங்க. மேல் துணியையும் அடித் துணியையும் ஒண்ணா நகர்த்தற வாக்கிங் ஃபுட் ஒண்ணு வாங்கி மெஷின்ல மாட்டுங்க, பேக்கிங்க தரையில டேப் போட்டு இழுத்து ஒட்டி அதுக்கு மேல அடுக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின்னு குத்துங்க (இதுக்கு சோம்பல் பட்டுத்தான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க), நடுவுலேர்ந்து வெளிய பாத்து நேர்கோடா தைங்க. குவீன் பெட் சைஸ்னா குடுத்துடுங்க, முதுகு மிஞ்சும்.

காசு விஷயம். இங்க ஸ்கொயர் இன்ச் கணக்குதான். ஒரே டிசைன் ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் ஓடுற எட்ஜ் டு எட்ஜ்க்கு ரெண்டு மூணு சென்ட்ல நெறைய பேர் பண்ணுவாங்க, ஊருக்கு ஊர் மாறும். 60க்கு 80 இன்ச் குயில்ட்னா 4800 ஸ்கொயர் இன்ச், மூணு சென்ட் போட்டா 144 டாலர். 90க்கு 100 குவீன்னா 9000, அதாவது 270 டாலர். பேட்டிங் தனி, நூலுக்கு தனியா கேக்கறவங்களும் உண்டு. பார்டருக்கு ஒரு டிசைன், கட்டத்துக்கு ஒரு டிசைன்னு கஸ்டம் கேட்டா விலை ரெண்டு மூணு மடங்கு போகும், தினமும் போத்தித் துவைக்கற குயில்ட்டுக்கு அது வேண்டாத செலவு. ஓரத்த சுத்தி மடிச்சுத் தைக்கிற பட்டி, அதான் பைண்டிங், அத நீங்களே வைங்க, டிவி பாத்துக்கிட்டே முடிச்சிடலாம். நடுவுல இன்னொரு வழி இருக்கு, சில குயில்ட் கடைகள்ல ஒரு சின்ன கிளாஸ் எடுத்துட்டு அவங்க லாங்ஆர்ம மணிக்கணக்குல வாடகைக்கு குடுப்பாங்க, உங்க ஊர் பக்கம் கேட்டுப் பாருங்க. ஏழு டாப்புக்காக சொந்தமா ஃப்ரேம் மெஷின் வாங்கறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க, ஆயிரக்கணக்குல ஆகும், ஒரு ரூமையும் முழுங்கிடும்.

வேற ஒருத்தர் குயில்ட் பண்ணா அது என்னோடதான்னு ஒரு உறுத்தல் இருக்கும், நீங்க கேக்கலன்னாலும் இருக்கும். 1989ல கென்டக்கி மாநிலம் படூக்கால நடந்த பெரிய குயில்ட் ஷோல மெஷின்ல குயில்ட் பண்ண ஒண்ணுக்கு முதல் தடவையா பெஸ்ட் ஆஃப் ஷோ குடுத்தப்பவே "கையால தைக்காதது ஒரு குயில்ட்டா"ன்னு சண்டை போட்டாங்க. இன்னிக்கு ரெண்டு பேர் சேர்ந்து பண்ணதுக்குன்னே போட்டியில தனி பிரிவு வெக்கிறாங்க. பின்னாடி தைக்கிற லேபிள்ல அவங்க பேரையும் போட்டுடுங்க, அவ்ளோதான் மரியாதை.

குடுக்கறதா முடிவு பண்ணா பார்டர கவனிங்க. சேலைக்கு ஃபால் வெக்கிற மாதிரி ஒரு முனையில ஆரம்பிச்சு தைச்சுக்கிட்டே போய் மிச்சத்த கடைசில வெட்டினா பார்டர் அலை அலையா நிக்கும். குயில்ட் பண்ணா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மெஷின் ஓடறப்ப அந்த அலையெல்லாம் மடிப்பா தைச்சுக்கும், உங்களுக்கு நடந்ததேதான், இந்த தடவ காசு குடுத்து. குயில்ட்டோட நடுவுல அளந்து அந்த நீளத்துக்கு பார்டர வெட்டி, பின் பண்ணித் தைங்க. பேக்கிங் நாலு பக்கமும் நாலு நாலு இன்ச் கூட இருக்கணும், 60க்கு 80ன்னா 68க்கு 88. டாப்ப அயர்ன் பண்ணி, பின்னாடி தொங்கற நூலெல்லாம் வெட்டிக் குடுங்க, கருப்பு நூல் வெள்ளைத் துணி வழியா நல்லாவே தெரியும். மூணு அடுக்கையும் சேத்து பின் பண்ணிக் கொண்டு போகாதீங்க, நாங்க தனித்தனியாதான் மாட்டுவோம். நூல் கலர வாய்விட்டுக் கேளுங்க. நான் மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி என் மொத குயில்ட்ட ஒருத்தங்ககிட்ட குடுத்தேன், கலர் பத்தி பேசவே இல்ல, கருநீலத் துணி மேல பளிச்சுனு வெள்ளை நூல் ஓட்டிக் குடுத்தாங்க, இன்னும் அத சோஃபாவுல கவுத்துப் போட்டுதான் வெச்சிருக்கேன்.

சுங்குடிக்கு வருவோம். இத நான் வாங்கிக்க மாட்டேன், என் வருமானம் போனாலும் பரவால்ல. பல வருஷம் துவைச்ச சேலைத் துணி வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியற அளவுக்கு தேஞ்சிருக்கும், ஃப்ரேம்ல இழுத்து மாட்டறப்ப தையல் பக்கத்துலயே கிழியலாம். கலர் வேற இருக்கு. வெள்ளைக் கைக்குட்டைய நனைச்சுப் பிழிஞ்சு சிவப்பு மேலயும் கரும்பச்சை மேலயும் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்க, துளி ஒட்டினாலும் மொத துவையல்ல பக்கத்து வெளிர் துணியெல்லாம் சாயம் வாங்கிக்கும். முந்தானை ஜரிகை எங்கயாச்சும் சேத்திருந்தா ஊசி பட்டு இழை பிரியும். அத கையால பண்ணுங்க, எட்டாம் நம்பர் பெர்ல் காட்டன் நூல், பெரிய தையல், இழுத்துக் கட்டாம லூசா. பேட்டிங் வாங்கறப்ப ஒரு தையல் வரிசைக்கும் அடுத்ததுக்கும் எவ்ளோ இடைவெளி விடலாம்னு கவர்ல போட்டிருக்கும், வார்ம் அண்ட் நேச்சுரல்ங்கற பேட்டிங்ல பத்து இன்ச் வரைக்கும் விடலாம், அதனால நெருக்கி நெருக்கித் தைக்கணும்னு கட்டாயம் இல்ல.

அந்த பாதி பிரிச்ச குயில்ட்ட அப்படியே எடுத்துட்டுப் போய் நிக்காதீங்க, பாதி தைச்சத ஃப்ரேம்ல மாட்ட எங்கள்ல முக்காவாசிப் பேர் ஒத்துக்க மாட்டோம். மிச்சத் தையலையும் பிரிச்சு, ஊசி ஓட்டை மேல லேசா தண்ணி தெளிச்சு நகத்தால தேய்ச்சு அயர்ன் போடுங்க, ஓட்டை மூடிக்கும். பிரிக்கறப்ப பேக்கிங் பக்கத்துலேர்ந்து நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டிட்டு மேல்நூல ஒரே இழுப்பா இழுங்க, இந்த தடவ மூணு நாள் ஆகாது.