ஃபேஷன் டிசைன் படிக்கிறேன், ஊர் கடலூர். பிரெஞ்சா, இத்தாலியனா, கொரியனா? எந்த மொழி கற்றால் வேலைக்கு உதவும்?

பிரெஞ்சு படியுங்கள். கடலூரில் இருந்துகொண்டு ஃபேஷன் வேலைக்காக ஒரு மொழி என்றால் என் பதில் அதுதான்.

இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், மூன்று மொழிகளில் எதைப் பிடிப்பது என்று புரியவில்லை என்றும், "இங்கிலீஷ் இருக்கும்போது இதெல்லாம் தண்டச் செலவு" என்று வீட்டில் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாமா ஒருவர் எப்போது வந்தாலும், "தைக்கிற வேலைக்கு எதுக்கும்மா பிரெஞ்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். பெரியவர் என்று பேசாமல் இருப்பேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் மஞ்சக்குப்பத்துப் பெண். புதுச்சேரியில் எம்பிராய்டரி ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பாரிஸிலிருந்து படம் வரும். அதை டிரேசிங் பேப்பரில் எடுத்து, கோட்டின் மேல் வரிசையாக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்துத் துணியில் இறக்குவார்கள். அப்புறம் ஆரி ஊசியில் மணியும் சமிக்கியும் ஏறும். சாம்பிள் போகும், திருத்தம் வரும், மறுபடியும் சாம்பிள் போகும். படம் அனுப்புகிறவருக்கும் ஊசி பிடிக்கிறவருக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. டிசைனர் ஆகவேண்டும் என்று படிக்கப் போகிறவர்களில் பலர் கடைசியில் இந்த நடு இடத்துக்குத்தான் வருகிறார்கள். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். எனக்கு இந்த வேலை உயிர்.

இங்கிலீஷ் போதும் என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. டிசைனர்கள், பையிங் ஆபீஸ், ஷிப்பிங் எல்லாரும் இங்கிலீஷில்தான் மெயில் போடுகிறார்கள். பாரிஸில் போய்ப் படிக்கவேண்டும் என்றாலும் ஐஎஃப்எம் என்ற ஃபேஷன் கல்லூரி போன்ற இடத்தில் இங்கிலீஷ் வழியிலேயே படிப்பு இருக்கிறது. ஆனால் துணியைக் கையில் தொடுகிறவர்கள் வேறு ஆட்கள். 'ஓத் கூத்யூர்', அதாவது ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைக்கிற உயர்தர உடுப்பு, அந்தப் பெயரை பிரான்ஸில் நினைத்தவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1945இலிருந்து அது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். அதற்குப் பாரிஸிலேயே சொந்த வேலைக்கூடம் இருந்தாக வேண்டும். மெல்லிசாக விழுகிற துணிக்கு ஒரு கூடம், கோட்டு மாதிரி வெட்டித் தைப்பதற்கு இன்னொரு கூடம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். நாம் அனுப்புகிற சாம்பிள் தேறுமா தேறாதா என்று கடைசியில் சொல்கிற கை அந்தக் கூடத்தில் இருக்கிறது. அந்தக் கூடத்தில் பேச்சு பிரெஞ்சில் நடக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டு டூல், அதாவது வலை மாதிரி இருக்கிற துணி, அதில் சின்னக் கண்ணாடி மணிகளில் ஒரு கொடி வேலை. துணியை இழுத்துக் கட்டுகிற சட்டத்தில் இருக்கும்போது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சட்டத்திலிருந்து அவிழ்த்த உடனே கொடியைச் சுற்றித் துணி சுருங்கிக்கொள்ளும். அயர்ன் போட்டாலும் படியாது. அனுப்பினோம், திரும்பி வந்தது. நூலை மாற்றி அனுப்பினோம், அதுவும் திரும்பியது. மெயிலில் "சுருக்கம் இருக்கிறது, சரிசெய்யவும்" என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. எதனால் என்று அந்த மெயிலை எழுதியவருக்கும் தெரியாது, அவர் ஊசி பிடித்தவர் இல்லை. எங்கள் ஆரி மாஸ்டர் அண்ணன் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கே கோபம் வந்துவிட்டது. ஆர்டர் கைவிட்டுப் போகும் நிலை.

வீடியோ காலில் பேசலாம் என்று நான்தான் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் வேலைக்கூடத்துத் தலைவியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். வயதான அம்மா, கழுத்தில் இஞ்ச் டேப். இங்கிலீஷில் வணக்கம் சொன்னதோடு சரி. நான் பிரெஞ்சில் ஆரம்பித்ததும் அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாம்பிளைத் திருப்பி கேமரா முன்னால் பிடித்து, எந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அங்கேதான் விஷயம் இருந்தது. அவர்கள் எம்பிராய்டரிக்குப் பிடிக்கிற லூனேவில் கொக்கியும் நம் ஆரி ஊசியும் பங்காளிகள்தான். ஆனால் அவர்கள் மணியை முன்கூட்டியே நூலில் கோத்துச் சட்டத்துக்கு அடியில் விட்டு, துணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். நாம் முன்பக்கத்தைப் பார்த்து, ஊசி முனையில் மணியை அள்ளி மேலிருந்து குத்துகிறோம். நம் ஆட்கள் கைக்கு வேகம் வேண்டும் என்று துணியை மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவார்கள். ஆர்கன்சா மாதிரி விறைப்பான மெல்லிய துணிக்கு அது சரி. டூல் நீளவாக்கில் ஒரு மாதிரி இழுபடும், அகலவாக்கில் வேறு மாதிரி. அவிழ்த்ததும் துணி தன் அளவுக்குச் சுருங்கும், மேலே ஓடுகிற நூல் சுருங்காது.

அந்த அம்மா தன் சட்டத்தைக் காட்டி, டூல் மேல் விரலை வைத்து அழுத்தினார். விரல் எவ்வளவு உள்ளே போகிறது பார் என்றார். ஓரத்தில் காட்டன் பட்டி வைத்துத் தைத்து, அந்தப் பட்டியைத்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள், டூலை இல்லை. சங்கிலித் தையலையும் ஒரே ஓட்டமாக ஓட்டாமல் இலைக்கு இலை முடிச்சுப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் அண்ணன் எழுந்துபோய்ச் சட்டத்தின் கயிற்றைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். அதற்கு அடுத்து அனுப்பிய சாம்பிள் தேறியது. அந்த ஆர்டர் மட்டும் இல்லை, அதற்குப் பிறகு அந்தக் கூடத்திலிருந்து எது வந்தாலும் என் பெயரைச் சொல்லி வருகிறது. என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எங்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். அந்த வேலைக்கூடத்து அம்மாவுடன் உட்கார்ந்து பேச என்னால்தான் முடிகிறது, சம்பளமும் அதற்கு ஏற்றபடி ஏறியிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமையாகத்தான் இருக்கிறது.

"செயலி இருக்கிறதே, பேசினால் உடனே மொழிபெயர்த்துவிடுமே" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். எழுதுங்கள். நானும் மெயிலுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு கையில் துணி, ஒரு கையில் ஊசி வைத்துக்கொண்டு இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் தளர்த்தவா, இப்படியா?" என்று அந்த நொடியே கேட்கவேண்டிய இடத்தில் அது கைகொடுக்காது. பிரெஞ்சு வகுப்புக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை.

சரி, மற்ற மொழிகள். நீங்கள் தோல் பக்கம், அதாவது பை, ஷூ என்று போவதாக இருந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், இத்தாலியன் படியுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் மிலானில் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போகிறவர்கள். கம்பளித் துணிக்கு பியெல்லா, பட்டுக்கு கோமோ, பழைய கம்பளியைப் பிரித்து மறுபடி நூற்பதற்கு பிராத்தோ என்று அங்கே ஊருக்கு ஒரு தொழில். குடும்பக் கம்பெனிகள் நிறைய, இத்தாலியன் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை தனி. திருப்பூர் பனியன் தொழிலுக்கு இங்கிலீஷே போதும். ஸ்பானிஷ் தெரிந்தால் கூடுதல் பலம், ஸாராவின் தாய்க் கம்பெனி ஸ்பெயினில் அர்தெய்ஷோவில் இருக்கிறது. துணி, பட்டன், ஜிப் வாங்குகிற சோர்சிங் வேலைக்குச் சீனம். கொரியன் ஆசை எதனால் என்று எனக்குத் தெரியும், என் தங்கையும் நாள் முழுக்க அந்தத் தொடர்கள்தான் பார்க்கிறாள். ஆசைப்பட்டுப் படியுங்கள், தப்பே இல்லை, வேலைக்கு என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

இந்த ஊரில் ஃபேஷனா என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது. நீலச்சாயம் தோய்த்த புதுச்சேரித் துணி கப்பலேறி செனகல் வரை போய், அங்கே பிசின் வாங்கப் பணமாகவே புழங்கியிருக்கிறது. கடலூர் பஸ் முதலியார்பேட்டை தாண்டும்போது தெரிகிற ரோடியர் துணி மில் 1898இல் தொடங்கியது. 2020இல் மூடிவிட்டார்கள். எத்தனை வீட்டு அடுப்பு அந்தச் சங்குச் சத்தத்தில் எரிந்தது! இன்றைக்கும் பாரிஸ் மேடையில் நடக்கிற உடுப்பில் நம் பக்கத்து ஆரிக்காரர்கள் கை இருக்கிறது. சென்னையில் 1993இலேயே வஸ்த்ரகலா என்ற எம்பிராய்டரி கூடம் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாரிஸில் எம்பிராய்டரிக்குப் பெயர்போன லெசாழ் குடும்பத்து ழான்-பிரான்சுவா லெசாழ். 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பை கேட்வே முன்னால் ஷோ நடத்திய பிறகுதான் இந்தக் கைவேலை பலர் கண்ணுக்குப் பட்டது. ஊசி பிடித்தவர்கள் பெயர் இன்னும் லேபிளில் வரவில்லை. வரவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

படிப்பதற்கு நம் பக்கத்தில் இருக்கிற வசதி வேறு யாருக்கும் கிடைக்காது. பிரெஞ்சு சொல்லித்தருகிற புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889இலிருந்து இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம். வகுப்புக்கு வெளியிலும் பேச ஆள் உண்டு. எங்கள் ஆபீஸ் பக்கத்துத் தெருவில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், வீட்டு ஆயா ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆயாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் எனக்கு வாய் வந்தது. மீன் விலையில் ஆரம்பித்து பாரிஸில் இருக்கிற பேரன் வரைக்கும் எல்லாம் பிரெஞ்சில். தப்பாகப் பேசினால் தொடையில் ஒரு தட்டு தட்டுவார்.

இதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தினமும் பஸ்ஸில் அலைய முடியாமல் புதுச்சேரியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று தேடினேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு தரமாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். "கல்யாணம் ஆயிட்டுதா? கூட யார் இருப்பாங்க? ராத்திரி எத்தனை மணிக்கு வருவ?" அதே வீட்டு மாடியை சனி, ஞாயிறு வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு, யார் எவர் என்று கேட்காமல் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சம்பாதிக்கிற பெண், ஒழுங்காக வாடகை தருகிற பெண், அவளுக்கு ஒரு அறை கிடையாது. சீசன் நேரத்தில் ஆர்டர் முடிய ராத்திரி ஆகும். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே யாரால் வேலை பார்க்க முடியும்? இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி போடுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் படியான ஏ1 மட்டும் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டு ரெஸ்யூமேயில் "பிரெஞ்சு தெரியும்" என்று போடுவதில் பிரயோஜனம் இல்லை, இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்கூலில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்களும் வாயைத் திறந்தால் திணறுகிறார்கள். மூன்றாவது படியான பி1 வரை போவது என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள். பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் படிக்கிற எண்ணம் இருந்தால் அதற்கு அடுத்த படியான பி2 வேண்டியிருக்கும். இந்தப் படிகளுக்குத் தருகிற டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வுச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஒருமுறை எழுதித் தேறினால் ஆயுசுக்கும் செல்லும். இதை வீட்டில் சொல்லுங்கள், செலவு பற்றிய பேச்சு கொஞ்சம் அடங்கும்.

வகுப்புப் புத்தகத்தில் ரயில் டிக்கெட் எடுப்பதும் ஹோட்டலில் சாப்பாடு கேட்பதும்தான் இருக்கும். தொழில் வார்த்தைகளை நீங்களாகச் சேர்க்கவேண்டும். லைனிங் துப்லூர், மடிப்புத் தையல் ஊர்லே, குறுக்குவெட்டு பியே, எம்பிராய்டரி ப்ரோத்ரி. காலேஜில் பேட்டர்ன் போடும்போது அந்தப் பேப்பர் மேலேயே பிரெஞ்சு வார்த்தையையும் பென்சிலில் எழுதி வையுங்கள், வெட்டித் தைக்கும்போது தானாக மனதில் ஏறும். பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்கூடத்தில் பேசுகிற வீடியோக்களைச் சத்தமாகப் போட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள். கூடவே ஆரி வேலையும் கற்றுக்கொள்ளுங்கள். ஊசி பிடிக்கத் தெரியாமல் மொழி மட்டும் தெரிந்திருந்தால் நான் அன்று அந்த அம்மா காட்டியதை மாஸ்டர் அண்ணனிடம் சொல்லியிருக்கவே முடியாது.

காலேஜ் முடிகிற வரை காத்திருக்க வேண்டாம். இந்த செமஸ்டர் லீவிலேயே அலியான்ஸ் ஆபீஸுக்கு நேரில் போய் அடுத்த ஏ1 பேட்ச் எப்போது, வார இறுதி வகுப்பு உண்டா, மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்டு வாருங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், இடத்தைப் பார்த்தால் அவருக்கும் தைரியம் வரும். தோல் பக்கம்தான் போவேன் என்றால் கீழே எழுதுங்கள். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் இத்தாலியன் படித்துவிட்டு இப்போது பைகள் செய்யும் இடத்தில் இருக்கிறார், அவரிடம் விவரம் கேட்டுச் சொல்கிறேன்.