பாம்பும் தவளையும் பாடமாகும்போது: வாசகர் கேள்வி–பதில்

கல்லூரி மாணவர்கள் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் படத்தில் மட்டும் பார்க்காமல் நேரில் கண்டு, இயன்றால் கையாண்டும் பயில வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விலங்கியல் உதவிப் பேராசிரியர், சேலம்: ஐயா, தவளையை அறுத்துப் பார்க்கும் செய்முறை வகுப்பு நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆய்வகத்தில் மிஞ்சியிருப்பவை ஃபார்மலின் புட்டிகளில் நிறம் வெளுத்துப்போன சில பாம்புகள்தாம். இவற்றை வைத்துக்கொண்டு செய்முறைப் பாடம் என்ற பெயரில் எதை நடத்துவது?

பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க 2011இல் நெறிமுறை வகுத்து, 2014இல் அதை அடியோடு நிறுத்தச் சொன்னபோது, என் தலைமுறை ஆசிரியர்கள் பலர் கையொடிந்ததுபோல் வருந்தினார்கள். நானும் வருந்தியவன்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்பதைத் தன் கைக்கத்தியால் கண்டறிந்த என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட, விடுதிக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்தது எந்தத் தவளை என்று தெரியாது. அறுவை நின்றதால் இழந்ததைவிட, அதை மட்டுமே செய்முறை என்று நம்பியதால் இழந்ததுதான் மிகுதி.

நீங்கள் பாம்புச் சட்டையிலிருந்து தொடங்கலாம். சட்டை என்பது பாம்பு கழற்றிப் போட்ட வெளித்தோல். காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி வருவது. கழலும்போது இழுபடுவதால் பாம்பின் உண்மையான நீளத்தைக் காட்டிலும் நீண்டிருப்பது. தலைப்பகுதி கிழியாமல் கிடைத்தால், கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற செதிலும் அதில் ஒட்டியிருப்பதை மாணவர்கள் காண்பார்கள். பாம்புக்கு இமை கிடையாது என்று நூறு முறை எழுதிப் போடுவதைவிட இதை ஒரு முறை விரலால் தடவிப் பார்ப்பது நன்றாக மனத்தில் பதியும். பாம்புப் பண்ணைகளிடம் துறையின் வழியாக எழுதிக் கேட்டுச் சட்டைகளைப் பெறுவதே முறை. வரப்பில் கிடைத்ததைச் சேர்த்து வைப்பதாக இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, செதில்களை எண்ணச் சொல்லுங்கள். உடலின் நடுப்பகுதியில், வயிற்றின் அகன்ற தகட்டை ஒட்டிய செதிலில் தொடங்கி, முதுகின்மேல் சாய்வாக ஏறி மறுபக்கத் தகடு வரை எண்ண வேண்டும். கட்டுவிரியனுக்கு 15 வரிசைகள். அதைப் போலவே வெண்பட்டைகள் கொண்ட நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புக்கு 17. கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் வரிசை மட்டும் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அது மற்றச் செதில்களைப் போலவே இருக்கும். பட்டைகளிலும் வேறுபாடு உண்டு. ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகே பட்டை தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலைப்பக்கம் மங்கி வால்பக்கம் தெளியும். உங்கள் புட்டியிலுள்ள பாம்புகள் நிறம் வெளுத்திருப்பது இங்கே ஒரு நன்மைதான், ஏனெனில் நிறத்தை நம்பாமல் செதிலை எண்ணும் பழக்கம் வரும். புட்டியைத் திறப்பதாக இருந்தால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

மூன்றாவது, கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு குட்டை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியது முதல் ஓயும் வரை வாரம் ஒரு மாலை, அதே குட்டைக்கு, அதே நேரத்தில் போய் அரைமணி நேரம் கேட்டு, கைப்பேசியில் பதிவுசெய்து, மழையளவையும் வெப்பத்தையும் குறித்து வாருங்கள். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று பழமொழி சொன்னவர் தவளை ஆய்வின் முதல் விதியை அறிந்தவர். இனப்பெருக்கக் காலத்தில் கத்துவது ஆண். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல். அந்தக் குரலால்தான் பெண்ணும் அதைக் கண்டுபிடிக்கிறது, பாம்பும் கண்டுபிடிக்கிறது, நாமும் கண்டுபிடிக்கிறோம். முட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தேரை இடுவது நீரில் நீண்ட சரம்; மரத்தவளை கட்டுவது நீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ ஒட்டிய நுரைக்கூடு; அதிலிருந்து தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய குறிப்பேடு உங்கள் துறையில் இருந்தால், அது அலமாரியில் உள்ள எல்லாப் புட்டிகளையும்விட மதிப்புள்ளது என்பேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர், தேனி: எனக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. காணொளிகளில் பலர் நல்ல பாம்பை வெறுங்கையால் பிடிக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் வைத்து ஆளுக்கொரு முறை பிடிக்கச் செய்தால் பயம் தெளியும் அல்லவா?

தம்பி, பயம் தெளியலாம், ஆனால் அறிவு வளராது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில், வரவழைக்கப்பட்டிருந்த ஒருவர் சாரைப்பாம்பை மாணவர்களின் கழுத்தில் மாலைபோல் போட்டுப் படமெடுக்க விட்டார். அருகில் போய்ப் பார்த்தால் பாம்பின் வாய் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அன்று முந்நூறு பேர் தைரியம் பெற்றார்கள் என்று விழா அறிக்கையில் எழுதினார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் பாம்புகளைக் காக்கிறது. கல்விக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ பிடிப்பதற்கும் அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கென்றால் நடுவண் அரசின் முன் அனுமதியும் வேண்டும். வெறுங்கையால் பிடிக்கும் காணொளிக்கு இவற்றில் எதுவும் இருக்காது.

பாம்பைக் கையாளுவதை உண்மையாகக் கற்க விரும்பினால், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குச் சென்று, 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை வளாகத்தில், பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த பழங்குடியினரான இருளர்கள் நஞ்செடுப்பதை ஒரு முறை நின்று பாருங்கள். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின் பிழைப்பிழந்த அந்த மக்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, மண்பானையில் சில வாரங்கள் வைத்து, வாரம் ஒரு முறையாக நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கு என்றால், அதே பாம்பு உடனே மறுபடியும் அகப்பட்டால் மீண்டும் நஞ்செடுக்காமல் விட வேண்டும் என்பதற்காக. அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தவர்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். மண்ணில் பதிந்த தடத்தையும் வளையின் வாயில் கிடக்கும் எச்சத்தையும் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லக்கூடிய கண் அவர்களுக்கு உண்டு. கையைவிடக் கண்ணே முதலில் பயிற்சி பெற்றது என்பதை நீங்கள் அங்கே அரைமணி நேரத்தில் உணர்வீர்கள்.

உங்கள் கல்லூரி முகாம் நடத்துவதானால், அனுமதி பெற்ற நிறுவனத்தின் வளாகத்தில், அவர்களுடைய ஆட்கள் முன்னிலையில், நஞ்சற்ற பாம்பொன்றைக் கொக்கியால் தாங்கி எடுத்துப் பைக்குள் விடுவது வரை போதும். நஞ்சுள்ள பாம்பைத் தொடும் வேலை எந்த இளங்கலைப் பாடத்திட்டத்துக்கும் தேவையில்லை.

ஒரு மாணவியின் தாய், விழுப்புரம்: மகள் மழைக்கால இரவில் குட்டைக்குத் தவளை பார்க்கப் போக வேண்டும் என்கிறாள். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று எனக்கு உறக்கம் வருவதில்லை. அனுப்பலாமா?

அனுப்புங்கள் அம்மா, ஆனால் கல்லூரியிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர் உடன் வருகிறாரா, ஒவ்வொருவருக்கும் முழங்கால் அளவு காலணியும் டார்ச்சும் உண்டா, அந்த இரவில் நஞ்சுமுறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்திருக்கிறார்களா, அங்கே போக வண்டி நிற்கிறதா? இவற்றுக்குத் தயங்காமல் விடை வந்தால் அச்சம் வேண்டாம். வெளிச்சமில்லாமல் கால் வைப்பதும், கல்லிடுக்கிலும் புதரிலும் கை நுழைப்பதும்தான் கடி வாங்கும் வழிகள்.

கடித்துவிட்டால், கடிவாயைக் கீறக் கூடாது, வாய்வைத்து உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ ஏறக்குறைய இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வலிக்கவில்லை என்று படுத்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சொல்லப்போனால் கட்டுவிரியன் கடிப்பது குட்டைக்கரையில் நிற்பவரைவிட, வீட்டில் தரையில் பாய்விரித்து உறங்குபவரைத்தான் மிகுதி. மகள் குட்டைக்குப் போகட்டும், வீட்டில் எல்லாரும் கட்டிலிலோ கொசுவலைக்குள்ளோ படுங்கள்.

இரவுப் பயணத்துக்கு இதைவிட எளிய தொடக்கம் வேண்டுமென்றால் சென்னைக் கடற்கரையில் உண்டு. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, சனவரி முதல் முட்டைப் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறது. ஒரு குழியில் நூறு முட்டைகள்வரையும் அதற்கு மேலும் இருக்கும். பொரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். இதே மாணவி பிறகு முதலைப் பண்ணைக்குப் போனால் கணக்கு வேறாக இருப்பதைக் காண்பாள்: சதுப்பு நில முதலையின் முட்டைக்கூட்டில் குறைந்த வெப்பம் பெண்ணைத் தரும், 32 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டிய வெப்பம் ஆணைத் தரும்.

முதலாம் ஆண்டு மாணவி, நாகர்கோவில்: தேரையைத் தொட்டால் மரு வரும் என்கிறார்களே, உண்மையா? தவளையைக் கையில் எடுப்பதற்கு முறை இருக்கிறதா?

மரு வராது. மரு நுண்கிருமியால் வருவது. தேரையின் முதுகிலுள்ளவை சுரப்பிகள். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியின் பால் கண்ணிலோ வாயிலோ பட்டால் எரிச்சலெடுக்கும். (தேங்காய்க்குள் பருப்பில்லாமல் போனால் தேரை மோந்தது என்பார்கள், அத்தனை பழிக்கும் அது ஆளாகிவிட்டது.)

உண்மையில் தவளையிடமிருந்து உங்களுக்கு வரும் தீங்கைவிட உங்களிடமிருந்து அதற்கு வரும் தீங்கே பெரிது. அது தோலால் மூச்சுவிடுகிறது, தோலால் நீர் குடிக்கிறது. கையிலுள்ள கொசுவிரட்டிக் களிம்பு, சானிடைசர், முகப்பூச்சு எல்லாம் நேரே அதன் உடலுக்குள் போகும். எனவே கையை வெறும் நீரில் நன்றாகக் கழுவி, அதே குட்டை நீரில் நனைத்துக்கொண்டு, இடுப்பருகே மெல்லப் பிடித்து, மூக்குநுனியிலிருந்து கழிவுத்துளை வரை நீளத்தை அளந்து, ஒரு நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் காலணியைக் கழுவிக் கிருமிநீக்கிக் காயவைக்க வேண்டும். உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களையே அழித்த கைட்ரிட் பூஞ்சை, ஈரக் காலணியில் பயணம் செய்யக்கூடியது. வேலை முடிந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால் பல்லி, ஆமை தொட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

முதுகலை மாணவர், கோயம்புத்தூர்: இந்தத் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

உங்கள் ஊருக்கு அருகில் ஆனைக்கட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வன ஆய்வாளராகப் பணியாற்றிய எஸ். பூபதி, 2014இல் களப்பணியின்போது அடிபட்டு மறைந்தார். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளையின் உறவான ஓர் இனம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் அறியப்பட்டு 2017இல் அவர் பெயரால் நாசிகபட்ராக்கஸ் பூபதி என்று விவரிக்கப்பட்டது. அதன் தலைப்பிரட்டைகள் ஓடும் நீரில் பாறையை வாயால் கவ்விக்கொண்டு வளர்கின்றன.

வாசகர், புதுக்கோட்டை: அரணை கடித்தால் மரணம் என்று என் பாட்டி சொல்வார். வகுப்பில் மாணவர் கையில் அரணையைக் கொடுக்கலாமா?

அரணைக்கு நஞ்சே கிடையாது. "அரணை கடித்தால் மரணம்" என்பதில் எதுகை மட்டும்தான் சரியாக இருக்கிறது. ஆயினும் கையில் கொடுக்க வேண்டாம். பிடித்தால் பதறி வாலை உதறிவிட்டு ஓடும். வால் மீண்டும் வளரும், ஆனால் அது சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பகுதி அந்த வாலில்தான் இருந்தது. அடிப்பக்கம் துளையிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஈரமண்ணும் சருகும் இட்டு, பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த வேலியோரத்திலேயே விட்டுவிடுங்கள். பாட்டியையும் வகுப்புக்கு அழைத்துவரலாம்.